பந்து விழாத வரைக்கும்

வாயில் இருப்பது கோழி என்று இரண்டாவது கடியிலேயே தெரிந்துவிடுகிறது. துப்ப வேண்டும், ஆனால் என் இரண்டு கையும் விளையாட்டு மெஷினின் பொத்தான்களில் இருக்கின்றன. கை ஓயாததால் நண்பன் ழெரோம்தான் சமோசாவை என் வாயில் திணித்தான். எங்கள் தீவின் பீனிக்ஸ் நகரில் இருக்கும் இந்த விளையாட்டுக் கடை முழுக்க பீரும் வியர்வையும் நாறுகிறது. பொத்தான்கள் யார் யாரோ தொட்ட எண்ணெயில் பிசுபிசுக்கின்றன. திரையில் வெள்ளிப் பந்து எகிறி மந்திரவாதியின் மண்டையில் மோதுகிறது, மோதும்போதெல்லாம் அவன் உயிர் ஒரு கோடு குறைகிறது. பந்து கீழே விழுந்தால் ஒரு மணி நேரமாகச் சேர்த்த வாளும் கவசமும் போய்விடும். பச்சை வெளிச்சத்தில் என் மணிக்கட்டில் காவடிக் காப்பு தெரிகிறது. அம்மாவின் ஆபரேஷனுக்காக நேர்ந்துகொண்டு, ஒன்பது நாளாக விரதம் இருக்கிறேன்.

"கண்ணை எடுக்காதடா சாமியாரே, இன்னும் ரெண்டு அடிதான்," என்கிறான் ழெரோம். பிறகு அவன் பார்வையும் காப்பில் விழுகிறது. "மோந்தியே, கடவுளே, உனக்குக் காரேம்ல? விரதம்னு எனக்கு மறந்தே போச்சு. துப்புடா."

பல்லிடுக்கில் நார் சிக்கியிருக்கிறது, கொழுப்பு நாக்கில் வழவழக்கிறது. பந்து இறங்கி வருகிறது, நான் பொத்தானைத் தட்டுகிறேன், மென்றதை விழுங்குகிறேன். மந்திரவாதி நெருப்பாக வெடிக்கிறான். பக்கத்தில் நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். நாளைக் காலை ஆற்றங்கரையில் இந்த நாக்கில்தான் வேல் குத்துவார்கள், அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாள். பந்து விழுந்துவிடும் என்றுதான் துப்பாமல் இருந்தேனா, இல்லை ஒன்பது நாள் கழித்து அது ருசியாக இருந்ததாலா?