பாறை காலியாக இருந்த கோடை

கொக்கு சொல்லும் இந்தக் கதையை நீர்க்கோழி பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. நடந்தது எல்லோரும் பார்த்ததுதான். ஆனாலும் அதைக் கொக்கு சொல்லும்போது எங்கோ உறுத்தியது.

விடியற்காலை மூடுபனியில் ஏரியின் நடுவே நியாயப் பாறை மிதப்பதுபோல் தெரியும். ஏரியை ஆளும் கூட்டம் அதில் அமர்த்தும் பறவை சொல்வதே தீர்ப்பு. தாமரை கருகிய பிறகு பாறை காலியானால், மழை வந்து புதிய ஆட்சி அமையும்வரை யாரையும் அமர்த்தக்கூடாது என்பது வழக்கம்.

கொக்குகள் ஆண்ட கோடையில், தாமரை கருகிய பிறகு பாறை காலியானது. கொக்குகள் தங்களில் ஒன்றை அமர்த்தப் போயின.

"வழக்கம் மறந்துபோச்சா?" என்று காக்கைகள் கரைந்தன.

கொக்குகள் காத்திருந்தன. மழை வந்தது, ஆட்சி காக்கைகளிடம் மாறியது, பாறையில் ஒரு காக்கை உட்கார்ந்தது.

அடுத்த கோடையில், தாமரை கருகிய பிறகு, அந்தக் காக்கை செத்தது. பொழுது சாய்வதற்குள் இன்னொரு காக்கை ஏறிவிட்டது.

"வழக்கம் என்னாச்சு?" என்றது கொக்கு.

"எங்கள் கண்ணுக்குத் தாமரை மொட்டாகத்தானே தெரிகிறது!" என்று காக்கைகள் சிரித்தன.

கோரைக்குள் இருந்த தன் முட்டைகளைக் காக்கைகள் தின்றதாக நீர்க்கோழி முறையிட்டபோது, அவை தாமாகவே உடைந்தன என்று தீர்ப்பு வந்தது.

"அவர்களைப்போல நாமும் தரம் இறங்க முடியுமா, தங்கச்சி? வழக்கத்தைக் காப்பாற்றிய நிம்மதியாவது இருக்கிறது" என்று கொக்கு ஒற்றைக்காலில் கண்ணை மூடிக்கொண்டது.

நீர்க்கோழி கேட்டது:

"அண்ணே, உங்கள் கூடு மரத்து உச்சியில் இல்லாமல் என்னுடையதுபோல் கோரைக்குள் இருந்திருந்தால், அன்றைக்கும் காத்திருப்பீர்களா?"