‘ன்’னுக்குப் பதில் ‘ள்’

“கதாநாயகன் பொண்ணா மாறணுமா? இருநூத்திப் பதினாறு அத்தியாயத்துலயுமா சார்?”

பதிப்பகத்தின் புரோகிராமர் நாற்காலியைத் திருப்பினாள். அங்கேயே வேலை பார்க்கும் மெய்ப்புத் திருத்துபவர், கையில் பென் டிரைவோடு நின்றிருந்தார்.

“ஆமாம்மா. ‘அவன்’ எல்லாம் ‘அவள்’. ‘வந்தான்’னா ‘வந்தாள்’. பேர் வர்ற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன், அதை நானே எழுதிக்கிறேன். இன்னைக்கே வேணும்.”

“பெர்ல்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுல ஒரே வரிதான் சார். -p போட்டா ஒவ்வொரு வரியாப் படிச்சுத் திருத்தும். -i போட்டா அதே கோப்புலயே எழுதிடும். கூட .bak சேர்த்தா பழசும் பத்திரமா இருக்கும்.”

‘அவன்’ என்பதை ‘அவள்’ என்றும், சொல்லின் கடைசியில் ‘ான்’ வந்தால் ‘ாள்’ என்றும் மாற்றும்படி அடித்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது.

திருத்துபவர் திரையருகே குனிந்தார். “‘விழுந்தாள். நாள் ஓடிப்போய்த் தூக்கினேன்.’ நாளா? ‘நான்’ எங்கம்மா போச்சு?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழைய பிரதியை எடுத்து, ‘நான்’ என்ற சொல்லைத் தொடாதே என்று சேர்த்து மறுபடி ஓட்டினாள். இப்போது ‘எனக்குத்தான்’, ‘எனக்குத்தாள்’ ஆகியிருந்தது.

“இங்கதான் சிக்கல் சார். ‘எடுத்தான்’ மாறணும், ‘எனக்குத்தான்’ மாறக் கூடாது. முடிவு ரெண்டுக்கும் ஒண்ணு; மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. பேசாம, நாயகன் ஆணாவே இருந்துட்டுப் போகட்டுமே?”

“முடியாதும்மா.” குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. “சந்தேகமானதையெல்லாம் பட்டியல் போட்டுக் குடுங்க. ஒண்ணொண்ணா நான் பார்க்கிறேன்.”

ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் இடங்கள். சாப்பாட்டை மறந்து, திரையில் விரல் வைத்து, “மாத்து... விடு... மாத்து...” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சில வரிகளில் தனக்குள் சிரித்தார். கண்ணில் நீர் கோத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐந்தரை மணிக்குக் கடைசி வரியும் முடிந்தது.

“உங்க பிடிவாதம் யாருக்கும் வராது சார்!” புரோகிராமர் சோம்பல் முறித்தாள். “சரி, கதாநாயகிக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?”

“நான் வைக்கலைம்மா, போன வாரம் அவளே வச்சுக்கிட்டா” என்றார் அவர். “இது நாவல் இல்லை. என் பொண்ணைப் பையன்னு நினைச்சு, நான் பதினெட்டு வருஷமா எழுதின டைரி.”