ஒன்பதாம் வேகம்

தாமோதரன் வீட்டுக்கு வந்த புது டிரெட்மில், மூலையில் நின்ற உடற்பயிற்சி சைக்கிளைப் பார்த்துத் திடுக்கிட்டது. அதன்மேல் ஈர லுங்கிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, உங்களுக்கு ஏன் இந்தக் கதி?"

"முதல் நாளே ஒரு மணி நேரம் வெறிபிடிச்ச மாதிரி மிதிச்சார். மறுநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியல. அதோட சரி. இப்போ நான் துணி காயப்போடுற கொடி."

மறுநாள் காலை, நூற்றுப்பத்து கிலோ தாமோதரன் டிரெட்மில்லில் ஏறினார். வேகத்தை நான்கில் வைத்து, மனைவியோடு பேசிக்கொண்டே நடந்தார். டிரெட்மில்லுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எதிர்வீட்டு ஜோசப் ஒன்பதுல ஓடுறானாம்," என்றவரின் விரல் பொத்தானுக்குப் போனது. ஐந்து. ஏழு. ஒன்பது.

அவருக்கு மூச்சு இரைத்தது, பேச்சு நின்றது.

டிரெட்மில் நடுங்கிக்கொண்டே கேட்டது:

"அக்கா, ஈரத்துணி ரொம்பக் குளிருமா?"