ஐந்து நிமிட மின்தடை

ஜப்பானின் கவகோயே நகரில் அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடி வராந்தாவில் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகத் தேங்கி நிற்கிறது. ஆபீசிலிருந்து வந்த மினாகாவா கையில் சாவியோடு பூட்டிய கதவருகே நிற்கிறான். புது மின் கம்பெனியின் ஆள் குசுமி தலையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசுகிறான். "இனிமே கரண்டை யார்கிட்ட வேணும்னாலும் வாங்கலாம் சார். நாங்கதான் மலிவு. இந்தப் பழைய மீட்டரை மட்டும் மாத்தணும். அஞ்சு நிமிஷம் கரண்ட் இருக்காது, அவ்வளவுதான்." அந்த ஐந்து நிமிடத்தில், வெந்நீர் இயந்திரத்தில் மனைவி சிஹாரு குறித்துவைத்த நேரம் அழிந்துவிடும். அவள் இறந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. அது இன்னும் அவள் சொன்ன நேரத்தில்தான் குளியல் தொட்டியை நிரப்புகிறது. ஆளில்லாத வீட்டுக்குள் சின்ன இசை எழுகிறது. "குளியல் நீர் தயாராகிவிட்டது" என்கிறது இயந்திரத்தின் பெண்குரல். குசுமி சிரிக்கிறான். "எங்க வீட்டுலயும் இதே குரல்தான் சார். பொண்டாட்டி சொல்றதைவிட இது சொன்னாத்தான் எந்திரிப்பேன்." அவன் சலுகைகளை விளக்கிக்கொண்டிருக்கிறான். கதவோரப் பெட்டியில், கண்ணாடிக்குப் பின்னால் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்த மீட்டர் வட்டு சட்டென்று வேகம் பிடிக்கிறது. குசுமி குனிந்து பார்க்கிறான். "வீட்டம்மா குளிச்சிட்டாங்க போல. ஹேர் டிரையர்தான் இப்படி இழுக்கும். அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்." மினாகாவா வட்டையே பார்க்கிறான். "மீட்டரை மாத்த வேண்டாம்" என்கிறான். குசுமி வணங்கிவிட்டுப் படியிறங்குகிறான். மினாகாவா சாவியைப் பூட்டில் நுழைக்கவில்லை. தலை ஈரமாக இருக்கும்போது கதவைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டால் சிஹாருவுக்குப் பிடிக்காது. வட்டின் வேகம் குறையட்டும் என்று நிற்கிறான்.