இரண்டே தெரு

சித்திரைப் பிறப்பைக் கொண்டாட, அலுவலகச் சுவரில் பெரிய வரைபடம் ஒட்டி, 'நாம் எல்லோரும் இங்கே' என்று எழுதியிருந்தார்கள். அவரவர் சொந்த ஊரில் ஒரு குண்டூசி குத்த வேண்டும்.

"இன்னிக்காவது ஊரைச் சொல்லுங்கக்கா. சொத்தையா எழுதித் தரச் சொல்றோம்?" என்றான், தினமும் அமுதவல்லியோடு டீ குடிக்கும் தணிகைவேல்.

பதினோரு வருடமாகக் கடலூர்ப் பக்கம் என்று மட்டுமே சொல்லிவந்தாள் அவள்; பதிலுக்கு யார் ஊரையும் கேட்டதுமில்லை. தம்பியைத் தீயில் விட்டுவிட்டு ஓடிவந்த ஊர். இன்று அவனுக்காகக் குத்திவிடுவது என்று துணிந்து வந்திருந்தாள். ஆற்று வளைவில், பெயர்கூட அச்சாகாத அந்த இடத்துக்கு அவள் விரல் போனது. அங்கே ஏற்கெனவே ஒரு குண்டூசி இருந்தது. அந்த ஊரில் இரண்டே தெரு. எரிந்த தெரு ஒன்று, எரித்த தெரு ஒன்று.

"அட, நம்ம ஊராக்கா நீங்க!" தணிகைவேலின் முகம் மலர்ந்தது. "எந்தத் தெரு?"