ஓடை நிரைக்கு ஒரு கருப்புக் கல்

ராக்காயி பானைக்குள் கையை விட்டாள். வெளியே வந்த கை இறுக மூடியிருந்தது. நேராக இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் போய் மறைந்தது.

வேலாயி பார்த்துவிட்டாள்.

'அடிப்பாவி! மொத நாளேயா?'

மலையகத்தில் வட்டகொடை பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் பானையிலிருந்து ஒரு கல் எடுக்க வேண்டும். வெள்ளைக் கல் என்றால் மேட்டு நிரை, அதாவது மேட்டிலுள்ள தேயிலை வரிசை. இருக்கிற ஒரே கருப்புக் கல் யார் கைக்கு வருகிறதோ, அவளுக்கு ஓடை நிரை. வழுக்கல், அட்டைக்கடி, கொழுந்தும் அவ்வளவாகக் கிடையாது. அதில் இறங்கினால் அன்றைக்கு அரைச் சம்பளம்தான்.

இத்தனை காலமும் நிரை பிரித்தவர் சின்னராசா கங்காணி. அவருடைய சொந்தக்காரிகளுக்கு மேடு. வாயில்லாப் பூச்சி மீனம்மாவுக்கு, ஆறு மாச வயிற்றோடு, ஓடை. கேட்பார் இல்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்க வேலாயிதான் எழுந்தாள். "கல்லு எடுத்துப் பாப்போமே. சரிப்படலேன்னா வேற ஒண்ணு செஞ்சு பாப்போம்."

எதிர்த்தவள் ராக்காயி ஒருத்திதான்.

"செஞ்சு பாக்கலாம்டி. மொத நாள் வழுக்கி விழப்போறவ எவ? அவளுக்கு என்ன பதில் சொல்லுவ?"

வேலாயி அதைக் காதில் வாங்கவில்லை. தோட்டத்து மேலாளர் துரை வரைக்கும் போய் அனுமதி வாங்கிவிட்டாள். கங்காணிக்கு எரிச்சல்.

"ஒருத்தி குறை சொன்னாலும் பழையபடி நான்தான் பிரிப்பேன்," என்றார்.

இப்போது பாருங்கள், எதிர்த்தவளே பானையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "நான் கடைசியா எடுத்துக்கிறேன்" என்கிறாள்! தனக்கென்று ஒரு வெள்ளைக் கல்லைப் பதுக்கிவிட்டால் அப்புறம் என்ன கவலை?

சொன்னால் சண்டை. சங்கத்தின் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டாலோ, முதல் ஆளாக நிற்பவள் மீனம்மா. அவள் கைக்கே கருப்பு வந்துவிட்டால்?

வேலாயிக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து ராக்காயியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, கையத் தொறங்க."

"விடு புள்ள, கங்காணி பாக்குறாரு."

"தொறக்கலேன்னா கத்திருவேன்!"

சாக்கு மறைவிலேயே ராக்காயி விரலை விரித்தாள்.

கருப்புக் கல்.

வேலாயி மணிக்கட்டை விட்டாள்.

"மொத நாள் விழறவ எவளுன்னு கேட்டேன்ல? நீ பதில் சொல்லல. அதான் நானே விழறேன்," என்று முணுமுணுத்தாள் ராக்காயி. "நாலு நாளைக்கு இவளுக வெள்ளக் கல்லப் புடிச்சுப் பாக்கட்டும். அந்த ருசி பழகிட்டா, அப்புறம் எவளுக்குக் கருப்பு வந்தாலும் பழசுக்குப் போகச் சம்மதிக்க மாட்டாளுக. போ, வரிசையில நில்லு!"

மீனம்மா எடுத்தாள். வெள்ளை. நம்பாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்தவளுக்கும் வெள்ளை. வேலாயிக்கும் வெள்ளைதான். அவளுக்கு ராக்காயியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"கருப்பு யாருக்கு?" கங்காணி ஆவலாக ஓடி வந்தார்.

ராக்காயி மூடிய கையை வெறும் பானைக்குள் விட்டுத் துழாவினாள். பிறகு கல்லை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குத்தான் கங்காணியாரே! வேணாம்னு கத்துன எனக்கே விழுந்திருக்கு பாருங்க. இந்தக் குலுக்கல்ல துளி கள்ளத்தனம் கெடையாது!"