தீக்குச்சி அணைவதற்குள்

அந்தப் பழைய தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளர் ஒரு தீக்குச்சியைக் கிழிப்பார். அது அணைவதற்குள் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிடுவார். பத்து வயதில் ஒருமுறை, அவர் வாய் திறக்குமுன் "பியானோ வாத்தியார்தான்!" என்று கத்தியவர் கண்ணாடிக்கடைக்காரர். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு சி.ஐ.டி. என்றே பெயர். அந்தப் பதிலை அவர் காதில் ஓதிய அண்ணன் இன்றுவரை அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்தப் பகுதியை மகள் எங்கோ தேடிப்பிடித்தாள். ஞாயிறு மாலை குடும்பமே கூடியது. அண்ணனும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

துப்பறிவாளர் தீக்குச்சியைக் கிழித்தார்.

"முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்று திரையிலிருந்து கேட்டார்.

இந்த வசனம் அதில் கிடையாது. கண்ணாடிக்கடைக்காரருக்கு எல்லா வசனமும் மனப்பாடம்.

"எங்கப்பாதான்!" என்று மகள் சிரித்தாள். துப்பறிவாளர் அசையாமல் நின்றார்.

"படம் நின்னுடுச்சு போல" என்றாள் மனைவி.

நிற்கவில்லை. தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "விடும்மா, பழைய படம்தானே" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு முகமெல்லாம் காந்தியது. திரையில் நெருப்பு இறங்கி விரலைத் தொட்டது. துப்பறிவாளர் கையை உதறவில்லை. கண்ணாடிக்கடைக்காரரையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.